பச்சைப்பாம்பின் கண்ணும் ஏழாம் வகுப்பு வகைப்பாட்டியலும்

(குறுவள மைய அளவிலான ஆசிரியர் கூட்டத்தில் அறிவியல் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பொதுத்தேர்வுப் பணிக்குப் போகும்போது முதன்மைக் கண்காணிப்பாளர் சொல்லும் அறிவுரை நம் எல்லோருக்கும் மனப்பாடம். "கண்கொத்திப் பாம்பு மாதிரி பார்த்துக்கணும்" என்பார். இருபது ஆண்டுகளாக நானும் கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன். நம்மில் எத்தனை பேர் அந்தப் பாம்பைப் பார்த்திருக்கிறோம்? பார்த்தவர்கள் கை தூக்குங்கள். நான்கைந்து கைகள்தான் தெரிகின்றன. இதே கேள்வியை "பச்சைப்பாம்பு பார்த்தவர்கள் யார்?" என்று கேட்டிருந்தால் பாதி அவையாவது கை தூக்கியிருக்கும். இரண்டும் ஒன்றுதான்.

இன்று எனக்குக் கொடுத்த தலைப்பு, 'வகைப்பாட்டியலைக் கற்பித்தல்: ஒரு வகுப்பறை அனுபவம்'. பயிற்சிக் கட்டகத்தில் இருப்பதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. நான் செய்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன்.

என் பள்ளி இராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகும் பக்கத்தில், மரவள்ளிக் காட்டுக்கும் கோழிப்பண்ணைக்கும் நடுவில் இருக்கும் ஒரு நடுநிலைப் பள்ளி. சுற்றுச்சுவர் இரண்டு பக்கம்தான். மற்ற இரண்டு பக்கமும் கிளுவை வேலி. அந்த வேலியில் வருடத்துக்கு மூன்று நான்கு முறை பச்சைப்பாம்பு தென்படும். பையன்கள் கல்லெடுத்து அடித்துவிடுவார்கள். "கண்ணைக் கொத்திடும் டீச்சர்" என்பதுதான் அவர்கள் சொல்லும் காரணம். அடிபட்ட பாம்பைக் குச்சியில் தூக்கிக்கொண்டு வந்து என் மேசை முன்னால் காட்டிய நாளில், எனக்குக் கோபமும் வருத்தமும் ஒன்றாக வந்தன. அன்றைக்கு வகுப்பில் அழுத்தமாகச் சொன்னேன்: "பச்சைப்பாம்புக்கு விஷம் கிடையாது. அது யாரையும் ஒன்றும் செய்யாது. இனி யாரும் அடிக்கக் கூடாது." பையன்கள் கேட்டுக்கொண்டார்கள். கல்லெறிவது நின்றது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அதே ஆண்டு ஏழாம் வகுப்பைக் கொல்லிமலைக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துப் போனோம். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி, அறப்பளீஸ்வரர் கோயில் பார்த்துவிட்டு, ஆகாயகங்கை அருவிக்குப் படியிறங்கிக் கொண்டிருந்தோம். படி ஓரத்துப் புதரில், இடுப்பு உயரக் கிளையில் பச்சையாக ஒரு பாம்பு சுருண்டிருந்தது. என் மாணவி ஒருத்தி அதன் பக்கம் மெதுவாகக் கையை நீட்டினாள். நான் பத்துப் படி மேலே நிற்கிறேன், கத்துவதற்குக்கூட வாய் வரவில்லை. கொய்யாவும் மலைவாழையும் கூடையில் வைத்து விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மா எழுந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவிட்டார். "எடு கைய! அது விரியன்" என்றார்.

அவள் ஏன் கை நீட்டினாள் என்று தெரியுமா? நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. பச்சைப்பாம்பைத் தலையிலிருந்து வால்வரை கையால் உருவிவிட்டால் கைக்குச் சமையல் ருசி வரும் என்பார்கள். அவளுடைய ஆயா சொல்லியிருக்கிறார். "ஆயா உருவச் சொல்லுச்சு. நீங்க விஷம் இல்லைன்னு சொன்னீங்க டீச்சர்" என்றாள். ஆயா பாதி, நான் பாதி.

அலைபேசியில் தூரத்திலிருந்து எடுத்த படத்தை அன்றிரவு பெரிதாக்கிப் பார்த்தேன். முக்கோணத் தலை. கழுத்து ஒடுங்கி, உடல் தடித்துக் குட்டையாக இருந்தது. கண்ணுக்கும் நாசித்துளைக்கும் நடுவில் ஒரு குழி. கண்மணி பூனைக்கு இருப்பதுபோல் செங்குத்துக் கோடு. அது மூங்கில் குழிவிரியன். கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வாழ்கிற, நச்சுள்ள பாம்பு. கடித்தால் உயிர் போவது அரிது என்றாலும் கடுமையான வலியும் வீக்கமும் வரும். நம் நாட்டில் தயாராகும் பாம்புக்கடி நஞ்சு முறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்காகச் செய்யப்படுவது. குழிவிரியன் அந்தப் பட்டியலில் இல்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நிறத்தை வைத்து ஒரு விலங்குக்குப் பெயர் சொல்லிக் கொடுத்தேன். பச்சை என்பது ஓர் அடையாளம், வகைப்பாடு அல்ல. இத்தனைக்கும் அதற்கு முந்தின மாதம்தான் உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்று ஏழு படிகளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, மனிதனுக்கும் மாமரத்துக்கும் அறிவியல் பெயர் கேட்டு, ஐந்து மதிப்பெண் தேர்வும் வைத்திருந்தேன். அந்தப் பெண் அதில் ஐந்துக்கு ஐந்து.

மறு ஆண்டு அந்தப் பாடத்தை வேலியிலிருந்தே தொடங்கினேன். நம் பச்சைப்பாம்பு எந்தப் பேரினம், அதற்கு யார் எப்போது பெயர் வைத்தார்கள், உறவினர் யார் என்று தேடிப் படித்தேன். தேடத் தேட எனக்கே வியப்பாக இருந்தது. அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்தேன்.

பேரினத்தின் பெயர் அஹேடுல்லா. கேட்டால் லத்தீன் மாதிரி இருக்கும். அது சிங்களச் சொல். கண்ணைப் பிடுங்குவது, கண்ணைக் குத்துவது என்று பொருள். நாம் கண்கொத்தி என்கிறோம், கடல் தாண்டி அவர்களும் அதையே சொல்லியிருக்கிறார்கள். இலங்கையில் இருந்த ஜோவாவ் ரிபைரோ என்ற போர்ச்சுக்கீசியர் 1685-லேயே இந்த நம்பிக்கையை எழுதி வைத்திருக்கிறார். ஊர்க்கதை ஒன்று அறிவியல் பெயராக உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இருசொற் பெயரிடுதல் முறையைத் தந்த லின்னேயஸ் 1758-ல் அஹேடுல்லா என்ற சொல்லை ஒரு பாம்புக்குச் சிற்றினப் பெயராக வைத்தார். அவர் பெயர் வைத்த அந்தப் பாம்பு எங்கே வாழ்கிறது என்று நினைக்கிறீர்கள்? மத்திய, தென் அமெரிக்காவில். இன்றும் கிளிப்பாம்பு எனப்படும் அந்த அமெரிக்கப் பாம்பு லெப்டோபிஸ் அஹேடுல்லா என்ற பெயரோடுதான் இருக்கிறது. சிங்களம் அறியாத ஒரு பாம்பு சிங்களப் பெயரைச் சுமந்துகொண்டு அமேசான் காட்டில் ஊர்கிறது. பிறகு 1807-ல் லிங்க் என்ற ஜெர்மானியர் அஹேடுல்லாவை நம் பக்கத்துப் பாம்புகளுக்குப் பேரினப் பெயராக்கினார். லின்னேயஸே தடுமாறினார் என்று வகுப்பில் சொன்னபோது பிள்ளைகளுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைப் பார்க்க வேண்டுமே! வருகைப் பதிவேட்டில் பெயர் மாற்றி எழுதிய என்னை அன்றைக்கே மன்னித்துவிட்டார்கள்.

இந்தப் பேரினத்தில் இன்று ஏறத்தாழ இருபது சிற்றினங்கள் உள்ளன. இந்தியா, இலங்கை தொடங்கி தென்கிழக்கு ஆசியா வழியாக இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் வரை பரவியிருக்கின்றன. நாமெல்லாம் படித்த காலத்தில் தென்னிந்தியப் பச்சைப்பாம்பு முழுவதற்கும் ஒரே பெயர், அஹேடுல்லா நசூட்டா. நசூட்டா என்றால் மூக்கு நீண்டது. 1789-ல் பிரெஞ்சுக்காரரான லாசெப்பேட் வைத்த பெயர். என் கல்லூரிக் குறிப்பேட்டிலும் அதுதான் இருக்கிறது. உங்களில் பலர் சுவரில் மாட்டியிருக்கும் விளக்கப்படத்திலும் அதுதான் இருக்கும்.

2020-ல் அது மாறிவிட்டது. அசோக் குமார் மல்லிக்கும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களும் சேர்ந்து, தீபகற்ப இந்தியாவின் பல இடங்களிலிருந்து எடுத்த மாதிரிகளின் மரபணுவையும், செதில் எண்ணிக்கை, மூக்கு நீளம், உடல் அளவு ஆகியவற்றையும் ஒப்பிட்டார்கள். ஒரே சிற்றினம் என்று நாம் நினைத்தது பல சிற்றினங்களாகப் பிரிந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் உடல் சிறுத்து, மூக்கு குட்டையாக உள்ளவை நான்கு: பொரியாலிஸ், ஃபார்ன்ஸ்வொர்த்தி, மலபாரிகா, இசபெல்லினா. சமவெளியிலும் வறண்ட பகுதிகளிலும் உடல் பெருத்து, மூக்கு நீண்டு இருப்பது ஒன்று. அதன் பெயர் அஹேடுல்லா ஆக்சிரிங்கா. கூர்மூக்கு என்று பொருள். நசூட்டா என்ற பெயர் இலங்கையில் வாழும் பாம்புக்கு மட்டும் உரியதாகிவிட்டது.

நம் சேலம், நாமக்கல் சமவெளி வேலிகளில் தொங்குவது அந்தக் கூர்மூக்குக்காரர்தான். இந்த ஆக்சிரிங்கா புதிதாக வைத்த பெயரும் அல்ல. 1825-லேயே தாமஸ் பெல் என்ற ஆங்கிலேயர் வைத்தது. இடையில் நசூட்டாவோடு சேர்த்துவிட்டதால் பழைய பெயர் மூலையில் கிடந்தது. பதிவேட்டில் நீக்கிய மாணவர் மீண்டும் சேர்க்கை பெற்று வந்ததைப்போல என்று சொன்னேன். பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிந்தது.

இதற்கு ஓராண்டு முன்னால், 2019-ல், ஒடிசா பக்கத்திலிருந்து அஹேடுல்லா லௌடங்கியா என்று ஒரு புதிய சிற்றினத்தை அறிவித்தார்கள். ஒடியா மொழியில் சுரைக்கொடியின் இளந்தண்டோடு ஒப்பிட்டு மக்கள் இந்தப் பாம்புகளைச் சொல்லும் பெயர் அது. அதே 2019-ல் நம் பொதிகை மலையிலிருந்து புரோஅஹேடுல்லா ஆன்டிகுவா என்று ஒரு தனிப் பேரினமே அறிவிக்கப்பட்டது. இந்தக் குடும்பக் கிளையிலிருந்து ஏறத்தாழ 2.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்ட மூத்த உறவு. "சிங்களப் பேரு இருக்கு, ஒடியாப் பேரு இருக்கு, தமிழ்ப் பேரு ஏன் டீச்சர் வைக்கல?" என்று ஒரு பையன் கேட்டான். "வைக்கிற இடத்துக்கு நீ வந்து வைடா கண்ணு" என்றேன்.

உறவினர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கொம்பேறி மூக்கனை அறியாதவர் இங்கே யாரும் இருக்க மாட்டீர்கள். கடித்துவிட்டு மரக்கொம்பில் ஏறி, கடிபட்டவருக்குச் சுடுகாட்டில் புகை வருகிறதா என்று பார்க்குமாம். அது நஞ்சில்லாத பாம்பு. டென்ட்ரிலாபிஸ் என்ற பேரினம். பறக்கும் பாம்பு எனப்படும் கிரைசோபிலியா இன்னொன்று. இந்த மூன்று பேரினங்களும் ஒரே துணைக்குடும்பம். கண்ணைக் கொத்தும், சுடுகாட்டைப் பார்க்கும், பறந்து வந்து கொத்தும் என்று நாம் கதை கட்டிய மூன்றும் அறிவியலில் பங்காளிகள்! மரத்தில் வாழ்ந்து, நம் தலை உயரத்தில் திடீரென்று கண்ணில் படுவதால்தான் இந்தக் கதைகள் பிறந்தன என்பது என் எண்ணம்.

இனி உடலமைப்பு. என் வகுப்பு அதிக நேரம் செலவிட்டது இதில்தான், அதிலும் கண்ணில்தான். பச்சைப்பாம்பின் கண்மணி கிடைமட்டமானது, சாவித்துவாரத்தைப் படுக்க வைத்தாற்போல் இருக்கும். பாம்புகளில் இது மிக அரிது. கண்ணிலிருந்து மூக்கு நுனிவரை இரு பக்கமும் முகத்தில் ஒரு பள்ளம் ஓடும். துப்பாக்கியில் குறி பார்க்கும் பள்ளம் மாதிரி. இரண்டு கண்ணாலும் ஒரே பொருளை நேர் முன்னால் பார்க்க இது உதவுகிறது. அதனால் ஓணான் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணித்துத் தாக்க முடிகிறது. எதிரே நின்று பார்த்தால் அது நம்மையே உற்றுப் பார்ப்பதுபோல் தோன்றும். கூர்மூக்கும் அந்தப் பார்வையும் சேர்ந்து கண்கொத்தி என்ற பெயரை வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும்.

உடல் விரல் தடிமன்தான். நீளம் ஐந்தடி வரை போகும், சில அதையும் தாண்டும். செதில்கள் வழவழப்பானவை. வயிற்றின் இரு பக்கமும் வெளிர் மஞ்சள் கோடு. மிரண்டால் உடலை உப்பிக் கொள்ளும். அப்போது செதில்களுக்கு நடுவில் உள்ள தோல் கறுப்பு வெள்ளையாக வெளியே தெரியும். ஒரு நொடியில் வேறு பாம்பு மாதிரி ஆகிவிடும். நாக்கை வெளியே நீட்டி அசையாமல் வைத்திருக்கும். காற்றடித்தால் கொடியோடு கொடியாக ஆடும். எல்லாம் பச்சையாகவும் இருப்பதில்லை, பழுப்பு நிறத்திலும் பிறப்பது உண்டு. "பச்சை இல்லாத பச்சைப்பாம்பு" என்று எழுதிப்போட்டு அன்றைய வகுப்பைத் தொடங்கினேன்.

முட்டையிடுவதில்லை. குட்டி போடும். லண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் 1885 ஆகஸ்டிலிருந்து தனியாக வைக்கப்பட்ட ஒரு பெண் பாம்பு 1888 ஆகஸ்டில் குட்டி போட்டதாகப் பதிவு இருக்கிறது. விந்தணுவை மூன்று ஆண்டுகள் உடலுக்குள் சேமித்து வைத்திருந்திருக்கலாம் என்று அதற்கு விளக்கம் சொல்கிறார்கள்.

நஞ்சு பற்றி நான் சொன்ன முதல் வாக்கியத்தைத் திருத்திக்கொள்கிறேன். பச்சைப்பாம்புக்கு விஷமே இல்லை என்பது தவறு. மேல்தாடையின் பின்பகுதியில் பள்ளமுள்ள பற்கள் உண்டு. அவற்றின் வழியே மென்மையான நஞ்சு இறங்கும். ஓணானும் தவளையும் அடங்கிவிடும். மனிதருக்கு வலி, வீக்கம், மரத்துப்போதல் வரலாம். உயிருக்கு ஆபத்தானதாக அறியப்படவில்லை. ஆனாலும் கடித்தால் மருத்துவமனைக்குப் போக வேண்டும், ஏனென்றால் கடித்தது எது என்று பதறிய நிலையில் யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இன்னொரு எச்சரிக்கை ஆசிரியர்களுக்கு. "கண்மணி செங்குத்தாக இருந்தால் நச்சுப்பாம்பு, வட்டமாக இருந்தால் நஞ்சில்லாதது" என்ற ஒரு விதி குறிப்பேடுகளில் சுற்றுகிறது. தயவுசெய்து எழுதிக் கொடுக்காதீர்கள். நாகத்துக்கும் கட்டுவிரியனுக்கும் கண்மணி வட்டம்தான். பூனைப்பாம்புக்குச் செங்குத்து, அதனால் மனிதருக்குப் பெரிய ஆபத்து இல்லை. முக்கோணத் தலை விதியும் அப்படித்தான், கட்டுவிரியனின் தலையை எந்த முக்கோணத்திலும் அடக்க முடியாது. தவிர, கண்மணியைப் பார்க்கும் தூரத்துக்குப் பிள்ளை போய்விட்டால் விதி இருந்து என்ன பயன்? எங்கள் வகுப்பில் கண்ணைப் பார்ப்பது படத்தில் மட்டும்தான். வேலியில் பார்த்தால் நான்கு எட்டு பின்னால் போய் ஆசிரியரைக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர். கிராமப்புறம்தான் அதிகம். நம் பிள்ளைகளின் பெற்றோர் நிலக்கடலை பறிக்கிறவர்கள், இரவில் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள். தமிழ்நாடு அரசு 2024-ல் பாம்புக்கடியை அறிவிக்கை செய்யவேண்டிய நோயாக ஆக்கியிருக்கிறது. கடித்த இடத்துக்கு மேல் இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது. கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108-ஐ அழைக்க வேண்டும். வகைப்பாட்டியல் பாடத்தின் கடைசி இருபது நிமிடத்தை நான் இதற்கு ஒதுக்குகிறேன். பாடத்திட்டத்தில் அந்த இடத்தில் இது இல்லை என்று பார்வைக்கு வந்த அலுவலர் ஒருவர் கேட்டார். பாடக் குறிப்பேட்டில் எழுதிக் காட்டினேன், கையொப்பம் போட்டுவிட்டார்.

அந்த மாணவி இப்போது பதினொன்றாம் வகுப்பு. போன மாதம் சந்தையில் அவளுடைய ஆயாவைப் பார்த்தேன். "ஏனுங் டீச்சர், அந்தப் புள்ள என்னய ஒரு பாம்பையும் தொட உடமாட்டீங்குது. எங்கூட்டு வேலியில கெடக்கறதுக்கு என்னமோ பேரு சொல்லுது, வாயில நொழையல" என்றார். பாட்டியின் சமையல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "அதுக்கென்ன, நல்லாத்தான் இருக்குது" என்று சிரித்தார்.

எங்கள் வகுப்பில் மாணவர்கள் செய்த அட்டைகளைக் கொண்டு வந்திருக்கிறேன். ஓர் அட்டையில் பச்சைப்பாம்பு, ஓர் அட்டையில் மூங்கில் குழிவிரியன். கண், தலை, உடல், வால், வாழிடம் என்று ஐந்து இடத்தில் அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு எழுத்து இல்லாத படத் தொகுப்பு தனியாக இருக்கிறது. வரிசையாக அனுப்புகிறேன், பார்த்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுங்கள். கூடவே ஒரு வெள்ளைத்தாளும் வரும். உங்கள் ஊரில் பாம்புகளுக்கு என்னென்ன பெயர் சொல்கிறார்கள் என்று அதில் எழுதுங்கள். ஊர்ப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள், ஏனென்றால் எங்கள் ஊரில் சாரை என்று சொல்வதை உங்கள் ஊரில் வேறு பெயரில் சொல்லலாம். அடுத்த மாதக் கூட்டத்துக்குள் அதைத் தட்டச்சு செய்து எல்லாப் பள்ளிக்கும் அனுப்பிவிடுகிறேன்.